கூத்துப் பாடல் பதிவுகளைக் கேட்க வயரில்லா ஹெட்போன் அடப்டர் போதுமா?

கேள்வி: முள்ளியவளை வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் மூத்த அண்ணாவியார் (கூத்துப் பழக்கும் ஆசான்) ஒருவர் பாடித் தரும் கூத்துத் தருக்களை, அதாவது கூத்துப் பாடல்களை, சிறிய ஒலிப்பதிவுக் கருவியொன்றில் பதிந்து, பாடல் வரிகளை எழுத்தில் இறக்கி வருகிறேன். பதிவுகள் யாவும் 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ் அளவில், சுருக்கப்படாத கோப்புகளாக உள்ளன. அவருக்குப் பற்கள் பல விழுந்துவிட்டபடியால் சில சொற்கள் தெளிவாக வருவதில்லை. மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும் சேர்ந்து ஒலிக்கும் இடங்களில் பிற்பாட்டுக்காரர் என்ன சொல்லைப் பாடுகிறார்கள் என்பதை நாலைந்து தடவை திருப்பிப் போட்டுக் கேட்டால்தான் பிடிக்க முடிகிறது. ஆகவே தெளிவான ஒலி எனக்கு இந்த வேலைக்கே தேவைப்படுகிறது.

கனடாவிலிருந்து வந்த மைத்துனர் தாம் பாவித்த பேயர்டைனமிக் டிடி 770 புரோ ஹெட்போனை எனக்குத் தந்துவிட்டுப் போனார். 80 ஓம் என்று அதில் எழுதியிருக்கிறது. அண்மையில் மாற்றிய என் அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசியில் ஹெட்போன் துளை கிடையாது. சார்ஜ் செய்யும் யூஎஸ்பி துளை ஒன்று மட்டுமே இருக்கிறது. மாதத்தில் இரண்டு மூன்று தடவை ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக வவுனியாவுக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். வீட்டில் கிடைக்காத அமைதியான நேரம் அந்தப் பயணத்தில்தான் கிடைக்கிறது. கைத்தொலைபேசியைச் சார்ஜில் போட்டுக்கொண்டே கேட்கலாம் என்ற எண்ணத்தில், ஹெட்போன் வயரைச் செருகிச் சட்டையில் கொழுவிக்கொள்ளும் மலிவான புளூடூத் அடப்டர் ஒன்றை வாங்கினேன். ஒலிப்பதிவுச் செயலியில் பதிவைத் திறந்து அதன் வழியாகக் கேட்டபோது, அண்ணாவியார் பால்மாப் பேணிக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல் இருந்தது. மத்தளத்தின் தாழ்ந்த தொனி தரும் தொப்பிப் பக்கத்து ஓசை அடியோடு காணாமற் போயிருந்தது.

மலிவான கருவிகள் இப்படித்தான் ஒலிக்கும் என்றும், உயர்தரப் பதிவென்றால் ஐந்து மடங்கு விலையுள்ளதை வாங்க வேண்டும் என்றும் கடைக்காரர் சொல்கிறார். அவர் சொல்வது சரிதானா? பெரிய அடப்டர்களில் உள்ள ‘பலன்ஸ்ட்’ துளையால் எனக்குப் பயன் உண்டா? அல்லது வயருக்கே திரும்பிவிட வேண்டுமா? விபரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அறிவியல்நகர் மாணவி

வணக்கம் சேர். காசைச் செலவழிக்கும் முன்னர் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதே பதிவை, அதே மலிவான அடப்டரில், ஒலிப்பதிவுச் செயலியை முற்றாக மூடிவிட்டு, பாட்டுக் கேட்கும் சாதாரண செயலி ஒன்றில் போட்டுக் கேளுங்கள். பேணிக்குள் பாடுகிற குறை அப்போது நீங்கிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

புளூடூத் கருவி ஒன்று கைத்தொலைபேசியோடு இரண்டு வழிகளில் பேசும். பாட்டுக் கேட்பதற்கு உரிய வழியில் இரண்டு காதுகளுக்கும் முழு அலைவரிசையும் வரும். அழைப்புக்கு உரிய வழியிலோ ஒலி இரு திசையிலும் போய் வர வேண்டியிருப்பதால், பெரும்பாலும் ஒரே தடமாக, 16 கிலோஹேர்ட்ஸ் மாதிரியெடுப்பிலோ (ஒலியைச் செக்கனுக்கு எத்தனை தடவை அளப்பது என்பது) அதற்கும் கீழாகவோ சுருங்கிவிடும். 16 கிலோஹேர்ட்ஸ் மாதிரியெடுப்பு என்றால், கேட்கக்கூடிய ஒலியில் 8 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே உள்ள அனைத்தும் போய்விடும். சல்லரியின் ஒலியில் கணிசமான பகுதி அங்கே இருக்கிறது. ஒலிப்பதிவுச் செயலிகள் சில, திறந்த உடனேயே அடப்டரில் உள்ள ஒலிவாங்கியைப் பிடித்துக்கொள்கின்றன. நாம் பதிவு செய்யாமல் வெறுமனே கேட்டாலும் இணைப்பு அழைப்பு வழிக்கு மாறிவிடுகிறது. எத்தனை விலை கொடுத்து வாங்கிய அடப்டராக இருந்தாலும் இந்த வழியில் அது பேணியாகத்தான் ஒலிக்கும். இதற்குப் பரிகாரம், கைத்தொலைபேசியின் புளூடூத் அமைப்பில் அந்த அடப்டரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள குறியைத் தொட்டு, அழைப்பு என்பதை நிறுத்திவிட்டு, ஊடக ஒலியை மட்டும் விட்டுவைப்பதே. அழைப்பு வந்தால் கைத்தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

அதன் பிறகும் மலிவான அடப்டருக்கும் நல்லதற்கும் வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. இரு தடப் பதிவென்றால் உங்கள் கோப்பு ஒவ்வொரு செக்கனுக்கும் 2304 கிலோபிற் தரவைக் கொண்டது. புளூடூத் பாட்டு வழியால் அவ்வளவையும் அப்படியே அனுப்ப இயலாது என்பதால் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். எல்லாக் கருவிகளிலும் கட்டாயமாக இருக்கும் எஸ்பிசி என்ற சுருக்கு முறை, வழமையான உயர் அமைப்பில் ஏறத்தாழ 328 கிலோபிற் மட்டும் அனுப்பும். ஏப்டெக்ஸ் எச்டி என்ற முறை 576 கிலோபிற் வரை அனுப்பும். சோனி நிறுவனம் 2015ஆம் ஆண்டில் கொண்டுவந்த எல்டாக் முறை, உங்களுடைய 48 கிலோஹேர்ட்ஸ் பதிவுக்கு 330, 660, 990 என்ற மூன்று படிகளில் இயங்கும். 2017இல் வெளிவந்த அன்ட்ரொய்ட் 8 முதல் எல்டாக் அந்த இயங்குதளத்திலேயே சேர்க்கப்பட்டுவிட்டபடியால், உங்கள் கைத்தொலைபேசியிலும் பெரும்பாலும் இருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு எஸ்பிசியும் ஏஏசி என்ற இன்னொரு சுருக்கு முறையும் மட்டுந்தான்; அவர்கள் எல்டாக் அடப்டருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

இரு பக்கத்திலும் எல்டாக் இருந்தாலும், சில கைத்தொலைபேசிகள் தாமாக அதைத் தெரிவு செய்யாமல் எஸ்பிசியிலேயே நின்றுவிடும். புளூடூத் அமைப்பில் அடப்டரின் பெயருக்குள் போய்ப் பாருங்கள். அங்கே இல்லையெனில், கைத்தொலைபேசி பற்றிய பகுதியில் ‘பில்ட் எண்’ என்ற வரியை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் தெரிவுகள் திறக்கும். இப்போது எந்த முறை ஓடுகிறது என்பதை அங்கே பார்க்கவும் மாற்றவும் முடியும்.

‘பலன்ஸ்ட்’ துளையை நீங்கள் மறந்துவிடலாம். அந்த வெளியீட்டுக்கு இடக் காதுக்கும் வலக் காதுக்கும் தனித்தனியே இரண்டு இழைகள் வேண்டும். டிடி 770இன் வயர் ஹெட்போனோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. அதில் இரு காதுகளுக்கும் திரும்பு இழை பொதுவானது. வெட்டி ஒட்டாமல் அதைப் பயன்படுத்த முடியாது. நல்ல ஹெட்போனை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில்: புதுக்குடியிருப்பு ஒலிபெருக்கிக்காரன்

வாத்தியாருக்கு வணக்கம். நான் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன். படித்த தங்கச்சி அளவுக்கு விளக்கத் தெரியாது. ஆனாலும் எனக்கு ஒரு விடயம் விளங்கவில்லை. உங்களிடம் உள்ள 80 ஓம் ஹெட்போனின் வயர் 3 மீற்றர் நீளமானது. அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, அதன் நுனியில் வயரில்லாக் கருவியைக் கொழுவுவதால் என்ன சுகம் கண்டீர்கள்? யூஎஸ்பி துளையில் நேரே செருகி, எண்ணாக உள்ள பதிவை ஹெட்போனுக்கு ஒலியாக்கித் தரும் சிறிய மாற்றி ஒன்றை வாங்கினால், சுருக்கம் ஏதும் இல்லாமல் முழுப் பதிவும் காதுக்கு வரும், செலவும் குறைவு.

வலு போதுமா என்று யாராவது கேட்பார்கள் என்பதற்காகக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். இந்த ஹெட்போன் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல் ஒலிக்கும். சாதாரண மாற்றி ஒன்று 1 வோல்ற் தந்தால், 80 ஓமில் அது 12.5 மில்லிவாட் ஆகும். ஒலி ஏறக்குறைய 107 டெசிபெல் வரும். அந்த அளவில் யாரும் பாட்டுக் கேட்கக்கூடாது. வாரத்துக்கு 80 டெசிபெலில் 40 மணித்தியாலம் வரைதான் காதுக்குத் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும்; 89 டெசிபெலுக்கு ஏற்றினால் வாரத்தில் 5 மணித்தியாலமே மிஞ்சும். பஸ் இரைச்சலுக்கு மேலாக ஒலியை ஏற்றிப் பழகாதீர்கள். இருபது வருடம் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவன் சொல்கிறேன்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. எல்லோரும் புகழும் அப்பிள் நிறுவனத்தின் யூஎஸ்பி-சி மாற்றி ஐபாட்டிலும் கணினியிலும் நன்றாக வேலை செய்யும். அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகள் பலவற்றிலோ ஒலி மிகத் தாழ்வாக வரும். கடையில் உங்கள் கைத்தொலைபேசியிலேயே செருகிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

புளூடூத் அடப்டர் என்னிடமும் ஒன்று உண்டு, திருவிழாவில் பக்திப் பாட்டுப் போடுவதற்கு. அதை மிக்ஸரில் கொழுவி, மிக்ஸர் ஓடுகிற அதே ஜெனரேற்றரில் சார்ஜும் போட்டால், வண்டு ரீங்காரம் பண்ணுவதுபோல் ஓர் இரைச்சல் கூடவே வரும். சார்ஜ் வயரைக் கழற்றி அடப்டரை அதன் சொந்த பற்றரியில் விட்டால் இரைச்சல் அந்தக் கணமே நின்றுவிடும். வாகனத்தில் ‘ஓக்ஸ்’ துளையில் கொழுவுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

பதில்: மல்லாவி விவசாயி

நான் வயரில்லாப் பக்கம் நிற்கிறவன். வயலுக்குள் நின்று வேலை செய்கிறவனுக்குக் கைத்தொலைபேசியிலிருந்து வயர் தொங்குவது சரிவராது. 2020இல் வந்த குடெலிக்ஸ் 5கே என்ற அடப்டரை ஒருவரிடம் பாவித்த நிலையில் வாங்கி வைத்திருக்கிறேன். ஏறத்தாழ ஒரு தீப்பெட்டி அளவுதான். சட்டைப் பையில் கொழுவிவிட்டால் இருப்பதே தெரியாது. அதற்கு முந்திய வருடம் வந்த ஃபியோ பிடிஆர்5 என்பதும் உள்ளுக்குள் அதே இஎஸ்9218பி மாற்றிச் சில்லுகள் இரண்டைக் கொண்டதுதான். எனக்குக் குடெலிக்ஸ் பிடித்ததற்குக் காரணம் அதன் செயலி: எந்த அலைவரிசையை எவ்வளவு கூட்டுவது, குறைப்பது என்பதை எண்ணாகவே கொடுக்கலாம், அந்தத் திருத்தம் அடப்டருக்குள்ளேயே நடக்கிறது. வாத்தியார் அண்ணாவியாரின் சொல்லைப் பிடிக்கப் பாடுபடுகிறார் என்றால், மத்தளத்தின் அடித்தொனியைச் சற்றுத் தாழ்த்தி, 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் வரை சற்று உயர்த்திப் பார்க்கலாம். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

எல்டாக் முறையின் 990 படியைப் பற்றி நான் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் வயல்வெளியில் அது ஒரு தடவைகூட அறுந்ததில்லை. வவுனியா பஸ் நிலையத்தில் இறங்கியதும் இரண்டு நிமிடம் ஒழுங்காக ஓடாது. புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையிலேயே வைஃபையும் இயங்குகிறது. சுற்றிவர நூறு கைத்தொலைபேசியும் ஐம்பது கடை வைஃபையும் இருக்கும் இடத்தில் அவ்வளவு தரவுக்கு இடம் கிடைப்பதில்லை. மனித உடம்பில் உள்ள நீரும் அந்த அலையை விழுங்கிவிடும். ஆகவே கைத்தொலைபேசி காற்சட்டைப் பின்பையிலும் அடப்டர் சட்டையின் முன்பக்கத்திலும் இருந்தால் சன நெரிசலில் நிச்சயம் அறும். இரண்டையும் உடம்பின் ஒரே பக்கத்தில் வைத்து, எல்டாக்கை 660இல் நிறுத்திவிடுங்கள். 990க்கும் 660க்கும் உள்ள வேறுபாட்டை ஓடும் பஸ்ஸில் கண்டுபிடிக்கும் காது எனக்கில்லை.

இதற்கு முன்னர் வைத்திருந்த அடப்டரை நானே கெடுத்தேன். சித்திரை வெய்யிலில் மோட்டார் சைக்கிள் தாங்கியின் மேல் உள்ள பைக்குள், சார்ஜ் பெட்டியோடு கொழுவியபடி விட்டுவிட்டு வாய்க்கால் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்து தொட்டபோது கை சுட்டது. இரண்டு கிழமையில் அதன் முதுகுத் தகடு விளிம்போடு மேலெழும்பி, நகத்தை விடும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது, பற்றரி ஊதியிருந்தது. இந்தக் கருவிகளின் பற்றரி லிதியம் வகை; வெப்பத்தில் சார்ஜ் ஏற்றுவதுதான் அதற்குப் பெரும் பகை. ஊதியதை ஒருபோதும் அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், மீண்டும் சார்ஜ் போடவும் வேண்டாம்.

முள்ளியவளை வாத்தியார் எழுதுகிறார்

மூவருக்கும் மிகுந்த நன்றி. தங்கச்சி சொன்னபடி செய்து பார்த்தேன். அடப்டரின் அமைப்பில் அழைப்பை நிறுத்தியதும் பேணி போய்விட்டது. மத்தளத்தின் தொப்பியும் திரும்பி வந்தது. ஐந்து மடங்கு விலை கொடுத்திருந்தால், கருவி நல்லதென்று கடைக்காரரைப் புகழ்ந்திருப்பேன், அல்லது அதுவும் பேணியாகவே ஒலிக்கத் தலையில் கைவைத்திருப்பேன். மலிவான அடப்டரில் எஸ்பிசி மட்டுந்தான் இருக்கிறது என்பதையும் டெவலப்பர் தெரிவுகளில் பார்த்து அறிந்துகொண்டேன்.

இப்போது வேறொரு சிக்கல். பதிவை வெட்டி ஒழுங்குபடுத்தும் செயலியில் ஒரு தரு முடிந்து மத்தளத் தீர்மானம் (முடிப்பு அடி) விழும் இடத்தில் சரியாக நிறுத்தி வெட்டுகிறேன். திரும்பப் போட்டுப் பார்த்தால் தீர்மானத்தையும் தாண்டி, அடுத்த தருவின் முதற்சொல்லில் வெட்டியிருக்கிறது. கையிலே பிழையா, கருவியிலே பிழையா?

பதில்: அறிவியல்நகர் மாணவி

கையில் பிழையில்லை சேர். புளூடூத்தில் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, சேர்த்து வைக்கப்பட்டு, விரிக்கப்பட்ட பின்னரே காதுக்கு வருகிறது. எஸ்பிசி, எல்டாக் போன்றவற்றில் இந்தத் தாமதம் பொதுவாக ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது 200 மில்லிசெக்கன் வரை இருக்கும். எங்கள் வெப்பநிலையில் காற்றில் ஒலி அந்த நேரத்தில் ஏறத்தாழ 70 மீற்றர் போகும். கூத்தாடும் களரியிலிருந்து 70 மீற்றர் தள்ளி நின்று, அண்ணாவியாரின் கை மத்தளத்தில் விழுவதைக் கண்ணாலும் ஓசையைக் காதாலும் அறிவதற்குள் ஏற்படும் இடைவெளியை எண்ணிப் பாருங்கள்; நீங்கள் வெட்டும்போது நடப்பது அதுதான். காணொளி பார்க்கும் செயலிகள் இந்தத் தாமதத்தை அறிந்து படத்தையும் பிந்திக் காட்டுவதால் நமக்குத் தெரிவதில்லை. வெட்டும் செயலிகள் பலவற்றில் அந்த வசதி இல்லை. எல்டாக்குக்கு மாறினாலும் இது தீராது. இன்னும் சற்றுக் கூடவும் கூடும்.

ஆகையால் என் எண்ணத்தைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். வெட்டுவதும் ஒழுங்குபடுத்துவதும் வயரில்தான் நடக்க வேண்டும். புதுக்குடியிருப்பு அண்ணா சொன்ன சிறிய மாற்றி அதற்குப் போதும். பதிவு நடக்கும்போது காதில் கேட்டுப் பார்ப்பதென்றால் ஹெட்போனை ஒலிப்பதிவுக் கருவியிலேயே நேரே கொழுவுங்கள். பஸ்ஸில் இருந்து கேட்டு வரிகளை எழுதுவதற்கு இப்போதுள்ள மலிவான அடப்டரையே வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் நல்லதொன்று வாங்குவீர்களாயின், குடெலிக்ஸ், பிடிஆர்5 போன்றவை யூஎஸ்பி வயரில் கொழுவினாலும் மாற்றியாக இயங்குபவை. மேசையில் வயரோடும் பஸ்ஸில் வயரில்லாமலும் ஒரே கருவி இரண்டு வேலையும் செய்யும். அதற்குத் தரவு போகும் வயர் வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர்கள் சந்தையில் நிறைய உண்டு. கருவி பழுதென்று நினைத்துப் பலர் ஏமாறுவது அதில்தான்.

முள்ளியவளை வாத்தியார் எழுதுகிறார்

சிறிய வயர் மாற்றியை முல்லைத்தீவில் கடையிலேயே என் கைத்தொலைபேசியில் செருகிக் கேட்டுவிட்டு வாங்கினேன். தீர்மானத்தில் வெட்டினால் இப்போது தீர்மானத்திலேயே வெட்டுகிறது. முன்னர் ‘வாளெடுத்து’ என்று எழுதி வைத்திருந்த ஒரு வரியை வயரில் கேட்டபோது ‘வேலெடுத்து’ என்று தெளிவாக விழுந்தது. உறுதிப்படுத்த அண்ணாவியார் வீட்டுக்குப் போய், ஹெட்போனை அவர் காதிலேயே மாட்டி அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டுவிட்டு, “அது ரண்டும் பாடுறதுதான் தம்பி, அண்டைக்கு வேல் வந்திட்டுது” என்றார். கொப்பியில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். மல்லாவித் தம்பி, அந்த 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் திருத்தத்தில் எத்தனை டெசிபெல் உயர்த்தினீர்கள் என்பதை எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்: மல்லாவி விவசாயி

ஐயா, நான் மூன்று டெசிபெல்லுக்கு மேலே போவதில்லை. அதற்கு மேல் போனால் ‘ச’கரம் காதில் குத்தும். உயர்த்துவதற்கு முன்னர் முழு ஒலியையும் அதே மூன்று டெசிபெல் தாழ்த்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மத்தளம் ஓங்கி விழும் இடங்களில் ஒலி உடைந்து கேட்கும்.